லாகருக்கு உறைமோர்: ஈஸ்ட் ஸ்டார்ட்டர் குறிப்புகள்

பிரிட்டனில் 1963-லிருந்து நம் வீட்டுக்கான பீரை உரிமம் இல்லாமலே காய்ச்சிக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். ஊரில் இருக்கும் நண்பர்கள் முயல வேண்டாம். இங்கே ஏல் காய்ச்சிப் பழகியவர்கள்கூட லாகர் என்றால் தயங்குகிறார்கள். குளிரில் நொதிப்பதால் லாகருக்கு ஏலைப் போல இரண்டு மடங்கு ஈஸ்ட் வேண்டும். பாலுக்கு உறைமோர் மாதிரி இதற்கு ஸ்டார்ட்டர், அதாவது மால்ட் கரைசலில் முன்கூட்டியே பெருக்கிய ஈஸ்ட். அது சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. முதலில் கணக்கு. 1.048 அடர்த்தியில் 20 லிட்டர் லாகருக்கு ஏறக்குறைய 36,000 கோடி ஈஸ்ட் செல்கள் தேவை. வழக்கமான திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்றில் புதிதாக இருக்கும்போதே 10,000 கோடிதான் இருக்கும். நாலு பாக்கெட் வாங்காமல் ஒன்றை வாங்கிப் பெருக்கினால் மூன்று பாக்கெட் காசு மிச்சம்.

2. பொடியாக வரும் உலர் ஈஸ்டுக்கு ஸ்டார்ட்டர் வேண்டவே வேண்டாம். 11.5 கிராம் பாக்கெட் இரண்டைப் போட்டால் போதும். அதற்குப் போய் மால்ட்டைச் செலவழிக்காதீர்கள்.

3. தேதி நெருங்கிவிட்டதென்று விலை குறைத்து விற்கும் திரவ ஈஸ்டைத் தைரியமாக வாங்கலாம். மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு உயிர் குறையும் என்று வைத்துக்கொண்டு, முதலில் அரை லிட்டரில் எழுப்பிவிட்டுப் பிறகு பெரிய ஸ்டார்ட்டருக்குப் போங்கள்.

4. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மால்ட் தூள்: இந்த ஒரு அளவை மனப்பாடம் செய்தால் போதும். சீக்கிரம் பெருகட்டும் என்று கெட்டியாகக் கரைத்தால் ஈஸ்ட் களைத்துப்போகும்.

5. மால்ட் தூள் ஆவி பட்டதும் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த கிண்ணத்தில் நிறுத்து, பச்சைத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், கட்டி தட்டாது.

6. மால்ட் தீர்ந்துவிட்டால் சர்க்கரையைப் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. சர்க்கரையில் வளர்ந்த ஈஸ்ட், பீரில் இருக்கும் மால்ட்டோஸைத் தின்னச் சோம்பல்படும்.

7. பத்து நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் பால் மாதிரி பொங்கி அடுப்பெல்லாம் வழியும், அதனால் பாதிக்கு மேல் நிரம்பாத பாத்திரமாக எடுங்கள். மூடியோடு சிங்க் தண்ணீரில் ஆறவைத்த பிறகே கண்ணாடி ஜாடிக்கு மாற்ற வேண்டும். சூட்டோடு ஊற்றினால் ஜாடி விரிசல் விடும்.

8. ஆறிய பிறகு படும் எல்லாமே கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். ஜாடியை நினைவாகக் கழுவிவிட்டு, ஈஸ்ட் பாக்கெட்டின் வாயையும் அதை வெட்டும் கத்தரிக்கோலையும் மறந்துவிடுவோம். கிருமிநீக்கியை ஒரு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி அடுப்படியிலேயே வைத்துக்கொண்டால் மறக்காது.

9. ஜாடிக்கு ஏர்லாக் தேவையில்லை. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஈஸ்ட் பெருகக் காற்று வேண்டும். இறுக மூடினால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும், கவனம்.

10. காந்தக் கலக்கி வாங்க மனமில்லையா? ஜாடியைக் கெட்டில் பக்கத்தில் வையுங்கள், டீ போடப் போகும்போதெல்லாம் ஒரு சுழற்று. கைவேலை தெரிந்தவர்கள் பழைய கம்ப்யூட்டர் விசிறியில் ஹார்ட் டிஸ்க் காந்தத்தை ஒட்டிச் செலவில்லாமல் கலக்கியே செய்துவிடலாம்.

11. லாகர் 10 டிகிரியில் நொதித்தாலும் ஸ்டார்ட்டர் 20 டிகிரி அறைச் சூட்டிலேயே இருக்கட்டும். அந்தத் திரவத்தை எப்படியும் வடித்துக் கொட்டத்தான் போகிறோம், ருசியைப் பற்றிக் கவலையில்லை. குளிரில் வைத்தால் வீணாக நாள்தான் இழுக்கும்.

12. நாள் கணக்கு இதுதான். புதன் மாலை ஸ்டார்ட்டர், வெள்ளி காலை ஈஸ்ட் அடியில் படிய ஃபிரிட்ஜ், ஞாயிறு பீர் காய்ச்சும் நாள். ஆனால் 2 லிட்டரை ஒரு தவணை போட்டால் ஈஸ்ட் ஏறக்குறைய இரு மடங்குதான் ஆகும். 36,000 கோடியை எட்ட, மேலே தெளிந்ததை வடித்துவிட்டு இன்னொரு 2 லிட்டர் ஊற்ற வேண்டும். அதனால் லாகருக்கு முந்தைய வார இறுதியிலேயே முதல் தவணையைத் தொடங்கிவிடுங்கள், வேலை நாளில் அவசரம் இருக்காது.

13. வடிக்கும்போது அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டுவையுங்கள், வண்டலைச் சுழற்றி ஊற்ற உதவும். முட்டை வாடை அடித்தால் பதற வேண்டாம், லாகர் ஈஸ்டின் இயல்பு அது. புளித்த வாடை வந்தால் மட்டும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். 200 கிராம் மால்ட் போனால் போகட்டும், 20 லிட்டர் பீர் தப்பும்.

14. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஈஸ்டை, 8 முதல் 10 டிகிரிக்கு ஆற்றிய வொர்ட்டில் (இன்னும் நொதிக்காத பீர்க் கரைசலில்) அப்படியே ஊற்றலாம்.

15. வடித்ததைக் கொட்ட மனசு வராதவர்களுக்கு ஒரு வழி. அதே பாக்கெட்டில் முதலில் 5 லிட்டர் லேசான லாகர் காய்ச்சுங்கள். அதைப் பாட்டிலில் அடைத்த அன்றே அடியில் தங்கிய ஈஸ்டின் மேல் 20 லிட்டர் வொர்ட்டை விட்டால் ஸ்டார்ட்டரும் ஆச்சு, குடிக்கப் பீரும் ஆச்சு.

16. காய்ச்சும் நாளில் மிஞ்சும் வொர்ட்டைப் பிளாஸ்டிக் டப்பாவில் ஃபிரீசரில் போட்டால் அடுத்த ஸ்டார்ட்டருக்கு மால்ட் தூள் செலவில்லை. எடுத்ததும் மறுபடி கொதிக்கவிடுங்கள். மூடிய பாட்டிலில் அறைச் சூட்டில் மட்டும் வைக்காதீர்கள். பாட்டுலிசம் நச்சு உண்டாகலாம்.

17. ஸ்டார்ட்டரைக் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டு, அந்த மிச்ச ஈஸ்டைக் கொதிநீரில் போட்டெடுத்த ஜாம் குப்பியில், மூடியைத் தளர்த்தி, பெயரும் தேதியும் எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் அதுவே அடுத்த விதை. 1883-ல் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் லாகர் ஈஸ்டைத் தனியே பிரித்தெடுத்தபோது, ஆலை அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. நீங்களும் ஒரு குப்பியைப் பக்கத்தில் காய்ச்சும் நண்பர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.