கயிறும் பங்கும்: முத்துக்கரை கற்பிக்கும் நிறுவன நடத்தையியல்

மனிதர் பலர் கூடி ஒரு நோக்கத்திற்காக உழைக்கும்போது, தனியாளாகவும் குழுவாகவும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர், ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றனர் என ஆராயும் துறையே நிறுவன நடத்தையியல். மேலாண்மை பயிலும் நம் மாணவர்கள் இதனைப் பெரும்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டே கற்கின்றனர். அதனால் ஊக்கம், நம்பிக்கை, நியாயம், தலைமை என்பன தேர்வுக்கு மனனம் செய்யும் சொற்களாக நின்றுவிடுகின்றன. தூத்துக்குடியும் அதனை ஒட்டிய மாப்பிள்ளையூரணியும் அமைந்த இக்கரையோ, அச்சொற்களின் பொருளைப் பல நூற்றாண்டுகளாகக் கண்ட கரை. இங்கு நடந்த முத்துக்குளிப்பு இத்துறைக்குச் சிறந்ததொரு பாடநூல் எனலாம்.

ஊக்கம்: தண்டனையா, பங்கா?

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மொழிக் கடற்பயணக் குறிப்பான 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்', பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்து எடுக்கப்பட்டதாகக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டும் நிலை வேறு. அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒரு பங்கும் செலுத்தப்பட்டன என்கிறார் அவர்.

கடல் அதே கடல். ஆபத்தும் அதே ஆபத்து. ஒருவன் தண்டனைக்கு அஞ்சி மூழ்குகிறான். மற்றொருவன் பங்கினை நம்பி மூழ்குகிறான். 1960-இல் டக்ளஸ் மெக்ரிகோர் வகுத்த எக்ஸ், ஒய் என்னும் இரு கோட்பாடுகளும் இவ்வேறுபாட்டையே தொடுகின்றன. மனிதன் இயல்பிலேயே உழைப்பை வெறுப்பவன், அவனை அச்சுறுத்தியே வேலை வாங்க வேண்டும் என்பது முன்னது. உரிய சூழல் அமைந்தால் அவன் தானே பொறுப்பேற்பான் என்பது பின்னது.

மீன்களைக் கட்டுபவருக்கு இங்கே கடல்கட்டி என்று பெயர். அவருக்கு ஏன் பங்கு? மந்திரத்தால் சுறா விலகியதா என்பதன்று நம் வினா. அச்சத்தோடு இறங்குபவனால் திறம்படப் பணியாற்ற இயலாது. அச்சத்தை நீக்குவதும் நிறுவனத்தின் செலவினங்களுள் ஒன்று என்பதை அக்காலத்தார் உணர்ந்திருந்தனர். இன்றைய அலுவலகங்களில் பணியாளர் அஞ்சாமல் குறை கூறவும் ஐயம் கேட்கவும் இயலும் நிலையை உளப் பாதுகாப்பு என்கின்றனர்.

குழுவும் தகவல் தொடர்பும்: கயிறு

முத்துக் குளிப்பவர் கனத்த கல்லின் துணையால் ஒன்பது மீட்டர் முதல் பதினெட்டு மீட்டர் வரையிலான ஆழத்திற்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கையெட்டும் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பார். பின்னர்க் கயிற்றை அசைப்பார்; தோணியில் நிற்பவர் உடனே மேலே இழுப்பார். இழுப்பவர் சற்றே கவனம் சிதறினாலும் கீழிருப்பவர் உயிருக்கு உறுதியில்லை. ஆகவே, மனைவியின் உடன்பிறந்தவனே கயிறு பிடிக்கத் தக்கவன் என்று இக்கரையில் சொல்வதுண்டு. தங்கையின் வாழ்வு தன் கையிலிருக்கிறது என்று அறிந்த மைத்துனன் கையைத் தளரவிடுவானா?

இங்கு மூன்று கருத்துகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, ஒருவர் பணி மற்றவர் பணியைச் சார்ந்திருத்தல். இரண்டு, செய்தி சுருக்கமாகவும் முன்னரே ஒப்புக்கொண்டதாகவும் இருத்தல். மூன்று, நம்பிக்கை என்பது நல்லெண்ணத்தால் மட்டுமன்றி, ஒருவர் நலனோடு மற்றவர் நலன் பிணைந்திருப்பதாலும் நிலைபெறுதல். துறைமுகத்தில் கிரேன் இயக்குபவரும் கீழே சைகை காட்டுபவரும் இன்றும் இந்தக் கயிற்றின் இரு முனைகளிலேயே நிற்கின்றனர்.

பரதவரும், கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து வந்த இசுலாமியரும் ஒரே சலாபத்தில் மூழ்கியவர்கள். சமயம் வேறானாலும் கடலின் விதி அனைவர்க்கும் ஒன்றே.

நியாயம்: மூன்று குவியல்

ஆங்கிலேயர் காலத்தில் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் பெருஞ்சலாபங்கள் நடைபெற்றன. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ 5,000 பேர் மூழ்கினர். அங்கே கொண்டுவந்த சிப்பிகளைக் குளித்தவர்களே மூன்று சம குவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் அரசுக்குரிய இரண்டு எவை, குளித்தவர்க்குரிய ஒன்று எது என்பதை அலுவலர் காட்டுவார். பிரிப்பவர் ஒருவர், தேர்பவர் மற்றொருவர் ஆதலின், குவியலில் வஞ்சனைக்கு இடமில்லை. நிறுவன நடத்தையியல் இதனை நடைமுறை நியாயம் என்னும்.

எனினும், உயிரைப் பணயம் வைத்தவர்க்கு மூன்றில் ஒன்று, கரையில் இருந்தவர்க்கு மூன்றில் இரண்டு என்பது தகுமா? இது பங்கீட்டு நியாயம் பற்றிய வினா. தாம் தருவதையும் பெறுவதையும் பிறரோடு ஒப்பிட்டே மனிதர் நியாயத்தை அளக்கின்றனர் என 1963-இல் ஸ்டேசி ஆடம்ஸ் விளக்கினார். நடைமுறை செம்மையாயிருந்தால் மட்டும் போதாது. பங்கும் செம்மையாயிருத்தல் வேண்டும்.

முரண்பாடும் தலைமையும்: 1908

பங்கு நியாயம் மறுக்கப்பட்டால் நேர்வது யாது என்பதையும் தூத்துக்குடியே காட்டியது. ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர், குறைந்த கூலியையும் நீண்ட வேலை நேரத்தையும் வார விடுமுறை இன்மையையும் எதிர்த்து, 1908 பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர். மார்ச் முதல் வாரத்திற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது; கூலி உயர்வுக்கும் ஞாயிறு விடுமுறைக்கும் இணங்கியது. பணிச்சூழலும் தொழிலாளர் மனநிலையும் பற்றிய ஹாதார்ன் ஆய்வுகள் அமெரிக்காவில் தொடங்கியது 1924-இல்தான்!

சிதம்பரனார் அவ்வாலையில் எப்பதவியும் வகித்தவர் அல்லர். பதவி தரும் அதிகாரம் வேறு. மக்கள் மனமுவந்து தரும் தலைமை வேறு. 1906-இல் அவர் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கியதும் அத்தலைமை பெற்ற நம்பிக்கைக்குச் சான்றாகும்.

முடிவுரை

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கயிறு மட்டும் அறுந்துபடவில்லை. உப்பளத்திலும் துறைமுகத்திலும் வங்கியிலும் மேலாளராய் அமரப்போகும் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் அதன் ஒரு முனை இருக்கும். மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பார். அவர் அசைக்கும்போது இழுப்பதும், கரையேறியபின் உரிய பங்கை அளிப்பதுமே மேலாண்மை. ஏனைய யாவும் இவ்விரண்டின் விரிவுரையே ஆகும்.