ஊமற்கரியும் மின்சேமிப்பும்

அளவெட்டிக் கமக்காரர் பனங்கிழங்குப் பாத்தியைக் கிண்டியபின் எஞ்சும் ஊமலை அடுப்பில் எரிப்பர். அல்லது வேலியோரத்திற் குவிப்பர். ஊமல் நல்ல கரியாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஊமற்கரியாற் பல் துலக்கினர். இத்தகைய கரிக்கு இன்று மற்றுமொரு பயன் உண்டு. மின்னைச் சேமிக்கும் கருவிகளுக்கு மின்வாய் செய்ய அது உதவுகின்றது.

கரி மின்னைத் தாங்குவது எங்ஙனம்?

கரியினுள் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் உள. ஆலையிற் கரியை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்தினால் அத்துளைகள் பெருகும். இதுவே உயிர்ப்பூட்டிய கரி. அதன் ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீற்றருக்கு மேற்படும். அஃதாவது ஏறத்தாழ 4 பரப்புக் காணி. அதன் தூளைப் பசையுடன் கலந்து உலோகத் தகட்டிற் பூசினால் மின்வாயாகும். இரு மின்வாய்களை மின்பகு திரவத்தில் அமைத்து மின்னூட்டினால், மின்னேற்றம் துளைச் சுவர்களிற் சேர்கின்றது. இக்கருவியை மீக்கொள்ளளவி என்பர். இது பற்றரியைப்போல் நெடுநேரம் மின் வழங்காது. எனினும் நொடிகளில் நிரம்பும். இலட்சக்கணக்கான முறை ஏற்றியிறக்கினும் தாங்கும்.

இம்மின்வாய்களுக்குத் தேங்காய்ச் சிரட்டைக் கரி பெரிதும் பயன்படுகின்றது. இலங்கையிலும் சிரட்டைக் கரியை உயிர்ப்பூட்டி ஏற்றுமதி செய்கின்றனர். பனங்கொட்டை ஓட்டுக் கரியாலான மின்வாய்கள் ஆய்வுக்கூடங்களிற் சோதிக்கப்பட்டுள்ளன. நெல் உமியும் உதவும். ஆயின் அதன் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சாம்பலாகும். அச்சாம்பலிற் பெரும்பகுதியான சிலிக்காவை முதலில் நீக்கல் வேண்டும்.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. ஊமலின் மண்ணையும் தும்பையும் நீக்கி, நன்கு வெயிலில் உலர்த்துக.

2. தகரப் பீப்பாவில் இட்டு, திறந்தவெளியில் மட்டும் சுடுக. மூடிய கொட்டிலிற் சுட்டால் நச்சுவாயு உயிரைப் பறிக்கும்.

3. வெண்புகை குறைந்து மெல்லிய நீலப்புகை தோன்றியதும் காற்றுப்புகாது மூடுக. காற்றுப் புகுந்தாற் கரி சாம்பலாகும்.

4. நன்கு ஆறியபின்னரே திறக்குக. நீர் தெளியற்க. நல்ல கரி முறிக்கும்போது ஓசையெழுப்பும். முறிந்த இடம் பளபளக்கும்.

உயிர்ப்பூட்டுதல் ஆலைத்தொழில். அதற்குச் சிலர் பயன்படுத்தும் எரிகாரம் தோலையும் கண்ணையும் கெடுக்கும், வீட்டில் முயலற்க. வாங்குவோரை உறுதிசெய்யாது இதற்கெனப் பணம் முடக்குதலும் ஆகாது. விலைபோகாத கரி அடுப்புக்கும் கொல்லுலைக்கும் பயன்படும். ஆதலின் நன்கு சுட்ட ஊமல் ஒருபோதும் வீணாகாது.