பழ ஈயும் பங்கீட்டு நெறியும்

தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இணைந்து நிற்கும் குரோமோசோம்கள் இரண்டனுள், வழித்தோன்றலைச் சென்றடைவது எது என்பதில் இயற்கை ஓரஞ் சொல்லுவதில்லை. இரண்டற்கும் சரிபாதி வாய்ப்பே உண்டு. பட்டாணிச் செடிகளை வளர்த்து இப்பங்கீட்டு நெறிக்கு அடிகோலி, 1866ஆம் ஆண்டில் தம் ஆய்வினை அச்சிட்டவர் புருனோ நகரத்து மடத்துத் துறவியாகிய மெண்டல் என்பார்.

நெறி உளதாயின் புறனடையும் உளதாதல் இலக்கணம் பயில்வார்க்குப் புதிதன்று. இந்நெறிக்கமைந்த புறனடைகளுள் ஒன்றனையே ஈண்டு எழுதப் புகுந்தனம். 1956ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மாடிசன் நகரை அடுத்துப் பிடிக்கப்பெற்ற பழ ஈக்களை ஆராய்ந்த ஹிராய்சுமி என்னும் ஜப்பானிய அறிஞர், சில ஆண் ஈக்களின் வழித்தோன்றல்களுள் நூற்றுக்கு 95க்கு மேற்பட்டவை இரண்டாங் குரோமோசோம் இணையில் ஒன்றனையே பெற்றிருக்கக் கண்டார். மற்றது யாதாயிற்று?

விந்தணு முதிருங்கால் அதனுள்ளிருக்கும் மரபுப்பொருள் மிக இறுகிச் செறிதல் வேண்டும். ஓரவஞ்சனை செய்யும் குரோமோசோமிலே, இன்றியமையாத மரபணுவொன்றன் வால் குறைந்த படி ஒன்று உளது. அது, இணைக் குரோமோசோமைத் தாங்கிய விந்தணுக்களில் அச்செறிவு நிகழவொட்டாமற் செய்து அவற்றை அழிக்கின்றது. காயீனின் செயலை ஒப்பதே இது. எனினும் கொலையுண்பதற்கும் ஓர் அடையாளம் வேண்டும். ஏறத்தாழ 120 எழுத்துக்களாலாகிய டி.என்.ஏ. தொடரொன்று அவ்விணையில் அடுக்கி வருகின்றது. அவ்வடுக்கு நூற்றுக்கணக்கிற் பெருகியிருப்பின் அழிவு, மிகச் சிலவாயின் உய்வு. கொல்லுங் குரோமோசோம் தன்னிடத்து அவ்வடுக்கை மிகக் குறைவாகவே உடையது.

இங்கேதான் அதற்கோர் இடர். பெண் ஈக்களில் இணைக் குரோமோசோம்கள் தம்முட் பகுதிகளை மாற்றிக்கொள்ளும். ஆண் பழ ஈக்களில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. மாற்றத்தால் கொல்லும் மரபணு நெடிய அடுக்கினோடு சேர்ந்துவிடின், தன் வாளால் தானே மடிய வேண்டுவதுதான். இக்கேட்டிலிருந்து அதனையும் அதற்குத் துணைநிற்கும் பிற மரபணுக்களையும் பிரியாது காப்பது தலைகீழ்த் திருப்பம். வாக்கியத்தின் இடைப்பகுதியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதினாற் போலக் குரோமோசோமின் ஒரு பகுதி திரும்பி நிற்குமாயின், அவ்விடத்துப் பகுதிமாற்றம் பெரிதும் தடைப்படும். இவ்வாற்றால் ஓர் அணுவின் வஞ்சனை குரோமோசோமின் அமைப்பையே மாற்றிவிடுகின்றது.

ஆனால், பகுதிமாற்றமன்றோ பழுதுகளைக் களைவது! அது நின்றவழிப் பழுதுகள் குவிகின்றன. ஜாம்பியா நாட்டு ஈக்களை ஆராய்ந்து 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற கட்டுரை, இத்தகைய குரோமோசோம்களில் தாவும் மரபுக்கூறுகள் மிகுதியாக ஏறியிருத்தலைக் காட்டுகின்றது. இருபாலும் இதனையே பெற்ற ஈ பெரும்பாலும் இறந்துபடும், அன்றேல் மலடாகும். ஆதலின் இஃது எங்கணும் பரவியும் நூற்றுக்கு ஐந்தைக் கடத்தல் அரிது.

இதனைத் ‘தன்னல மரபுக்கூறு’ என வழங்குவர். உணர்வில் பொருட்கு நலமும் தீமையும் ஏற்றிக் கூறுதல் இலக்கணை வழக்கேயன்றி உண்மை வழக்கன்றென்பது எம் கருத்து.

அங்ஙனமாயின், அடுக்குக் குறைந்த குரோமோசோம்களே நாளடைவில் மிக்கு, எல்லா ஈக்களும் இக்கொலைக்குத் தப்பியிருத்தல் வேண்டுமன்றோ எனின், அன்று. அவ்வடுக்கை இழந்த ஈக்கள், கொல்லும் மரபணு இல்லாத கூட்டத்தில், அடுக்குடைய ஈக்களினும் வாழ்திறன் குன்றுகின்றன என்று 1989ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். வெற்றடுக்கென எண்ணப்பட்டது ஈக்கு வேண்டியதாகவே இருந்தது.