குதிகாலா, கணக்கா, கோணமா?

ரோடு பைக் வகைச் சைக்கிள் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது, "ஏறி உட்காருங்க சார், கால் தரையில எட்டுதா?" பால் வாங்கப் போகும் சைக்கிளுக்கு அது நல்ல கேள்விதான். ரோடு பைக்கில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிந்தால் சீட் தாழ்வாக இருக்கிறது என்று அர்த்தம். சிக்னலில் சீட்டை விட்டு முன்னால் இறங்கித்தான் நிற்க வேண்டும். உயரம் பார்க்க வேண்டியது சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே.

அதைப் பார்க்க நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. எளியது குதிகால் முறை. ஓட்டும்போது போடும் ஷூவோடு, சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி ஏறிக்கொள்ளுங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் முழங்கால் நேராக நின்றால் சரி. ஓட்டும்போது முன்பாதம்தானே பெடலில் இருக்கும். அப்போது முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கும். டேப்பும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ஆனால் பாதத்தின் நீளம் இந்த முறைக்குத் தெரியாது. பாதம் நீளமானவர்களுக்குச் சீட் பெரும்பாலும் தாழ்ந்தே அமையும். ஆபீஸ் போய் வருகிறவர்களும் புதிதாக ஓட்டுகிறவர்களும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கணக்கு. 1967இல் பிரிட்டனில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர், உட்கால் நீளத்தில் (கவட்டிலிருந்து தரை வரை) 109 சதவீதம் பெடலுக்கும் சீட்டின் மேற்பரப்புக்கும் இடையே இருக்கட்டும் என்றார்கள். 1980களில் பிரபலமானது இன்னொன்று: உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம். டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்டும் அவருடைய பயிற்சியாளர் சிரில் கிமாரும் பரப்பிய எண் இது.

உட்கால் 80 செ.மீ. என்று வையுங்கள். லெமாண்ட் கணக்கில் 70.6 செ.மீ. ஹாம்லி கணக்கில் பெடலிலிருந்து 87.2, அதில் 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் மையத்திலிருந்து 70.2. கிராங்க் 17.25 ஆனால் 70க்கும் கீழே போய்விடும். லெமாண்ட் கணக்கு கிராங்க் நீளத்தைக் கேட்பதே இல்லை, ஷூவின் அடித்தட்டு எவ்வளவு தடிமன் என்றும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் ஹாம்லிதான் நியாயம்.

எந்தக் கணக்கும் அளவெடுப்பதில்தான் கவிழும். டெய்லர் எடுத்த பேண்ட் அளவு உதவாது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட் அழுத்துகிற அளவுக்கு மேலே இழுத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். கூச்சப்பட்டு லேசாகப் பிடித்து 1 செ.மீ. குறைந்தால், லெமாண்ட் கணக்கில் சீட் கிட்டத்தட்ட 9 மி.மீ. இறங்கிவிடும்.

மூன்றாவது கோணம். இடுப்புப் பக்கவாட்டில் தட்டுப்படும் தொடையெலும்பின் புடைப்பு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்கால் எலும்பு மூன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது பக்கவாட்டில் படம் எடுங்கள். கால் முழுதாக நீட்டிய நிலையிலிருந்து முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்க வேண்டும். சைக்கிளை நிலையாகப் பொருத்தி மிதிக்கும் ட்ரெய்னரில் மிதித்துக்கொண்டே வீடியோ எடுத்தால் சில டிகிரி கூடும். 40 வரை வந்தால் பதற வேண்டாம். சிலர் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி மிதிப்பார்கள், சிலர் குதிகாலை இறக்கி மிதிப்பார்கள். அந்த வித்தியாசம் இந்த முறையில் மட்டுமே பிடிபடும். வாரக் கடைசியில் 60, 80 கி.மீ. போகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கால்கள் நீளத்தில் வேறுபட்டாலோ வலி விடாமல் இருந்தாலோ, காசு செலவானாலும் ஃபிட்டிங் செய்பவரிடம் போவதே மேல்.

எந்த வழியில் வைத்தாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது உடம்பு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். பின்பக்கம் இழுத்தால் உயரமாக இருக்கலாம். பின்னால் வரும் நண்பரிடம் இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஆடினால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு 2, 3 மி.மீ. போதும், அதோடு சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். 1969இல் பிரான்ஸின் ப்ளுவா வெலோட்ரோமில் விழுந்து முதுகில் அடிபட்ட சைக்கிள் பந்தய வீரர் எடி மெர்க்ஸ், அதற்குப் பிறகு பந்தயத்தின் நடுவிலேயே அலன் கீயால் சீட் உயரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் காரணம் இருந்தது, நமக்கு அந்த அவசரம் இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளினால் பெடலிலிருந்து தூரம் கூடும். அப்போது உயரத்தை மறுபடி பாருங்கள்.

முடிவான உயரத்தில் சீட் போஸ்டைச் சுற்றி ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். போஸ்டில் பொறித்திருக்கும், ஃப்ரேமுக்குள்ளேயே இருக்க வேண்டிய மினிமம் கோடு வெளியே தெரிகிற அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால், நீளமான போஸ்டோ பெரிய ஃப்ரேமோ வாங்க வேண்டியதுதான்.