சுடுதண்ணீரும் பச்சை வயரும்

வண்டன்மேடு இடுக்கி மாவட்டத்தில் உள்ள மலை ஊர். ஏலக்காய்க்குப் பேர் போன இடம். தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். கம்பம் பகுதியிலிருந்து ஜீப்பில் வேலைக்கு வருவோர் பலர். இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஏலத்தோட்டத்தில் வேலை. வீட்டில் கணவனின் வயதான அம்மா. மார்கழி மாதம் பச்சைத் தண்ணீர் பட்டால் கை விறைத்துப் போகும். அம்மாவுக்கு மூட்டு வலி வேறு. அதனால் வாளித் தண்ணீரில் கரண்டு ஹீட்டர் கம்பியைப் போட்டுச் சூடாக்குவார்கள்.

ஒரு நாள் காலை. தண்ணீர் சூடாகிவிட்டதா என்று அம்மா விரலை விட்டுப் பார்த்தார். "ஐயோ!" என்று கையை உதறினார்.

"என்ன அத்தை?" மருமகள் ஓடி வந்தாள்.

"சுருக்கென்று இழுத்ததம்மா!"

நல்ல வேளை, உயிர் தப்பியது. "இனி இந்தக் கம்பி வேண்டாம்" என்றான் மகன். சேமித்த பணத்தில் கீசர் வாங்கி வந்தான். அதை மாட்ட, லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்தான்.

வயர்மேன் கீசர் பெட்டியைப் பிரிக்கவில்லை. முதலில் மெயின் சுவிட்சை அணைத்தார். டெஸ்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று உறுதி செய்தார். பிறகு பிளக் பலகையைக் கழற்றிப் பார்த்தார்.

"சேச்சி, இங்கே பாருங்கள். மூன்று துளை இருக்கிறது. மேல் துளைக்கு வயரே இல்லை. இந்த வீட்டில் எர்த் இல்லை. முதலில் எர்த். கீசர் பிறகுதான்."

"லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது. அப்புறம் என்ன சேட்டா குறை?" என்று கேட்டான் மகன்.

எர்த் என்ன செய்கிறது?

வயர்மேன் விளக்கினார். சிவப்பு வயரில் கரண்டு வருகிறது. கறுப்பு வயரில் திரும்பிப் போகிறது. பச்சை வயர்தான் எர்த். கீசருக்குள் ஏதாவது பழுதானால், அதன் இரும்பு உடம்பில் கரண்டு ஏறும். எர்த் இருந்தால் அந்தக் கரண்டு பச்சை வயர் வழியாக மண்ணுக்குப் போகும். எர்த் இல்லாவிட்டால்? தொடுகிற ஆளின் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகும். ஈரக் கையும் ஈரத் தரையும் கரண்டுக்கு நல்ல வழி.

எர்த்துக்கு ஈரப்பதமான இடமாகப் பார்த்துக் குழி தோண்ட வேண்டும். சுமார் 2.5 மீட்டர் நீள இரும்புக் குழாயை அதில் இறக்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும். கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். எர்த் சரிதானா என்று மீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு காவலும் உண்டு. அதை எல்லாரும் இ.எல்.சி.பி. என்பார்கள். இப்போது வருவது ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது போட வேண்டும். அந்த அளவுக்குக் கரண்டு கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

தனி வயர் எதற்கு?

இந்தக் கீசர் 2000 வாட். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். சாதாரண பிளக் 6 ஆம்பியர்தான் தாங்கும். அதில் மாட்டினால் வயர் சூடாகி உருகும். தீயும் பிடிக்கலாம். ஆகவே 16 ஆம்பியர் பிளக் வேண்டும். மெயின் பலகையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தனியாக வர வேண்டும். அதற்குத் தனி எம்.சி.பி. வேண்டும். நடுவில் ஒட்டு கூடாது. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

"கடையில் ஹீட் பம்ப் என்று ஒன்று சொன்னார்களே?" என்று மருமகள் கேட்டாள்.

"அது ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி, சேச்சி. ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரண்டு போதும். குளிர் கூடினால் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் விலை அதிகம். காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். உள்ளே கேஸ் இருக்கிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் அதைத் தொடலாம். அதற்கும் இதே எர்த், இதே இ.எல்.சி.பி., இதே தனி வயர் வேண்டும்."

மகன் யோசித்தான். எர்த்துக்கும் இ.எல்.சி.பி.க்கும் அந்த மாதப் பணம் சரியாகிவிடும். மாட்டும் கூலிக்கும் தனி வயருக்கும் மிஞ்சாது. "சும்மா மாட்டிவிடுங்கள் சேட்டா" என்று சொல்ல வாய் எடுத்தான். அம்மா குறுக்கிட்டார். "இத்தனை வருஷம் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சினோம். இன்னும் ஒரு மாதம் காய்ச்சினால் என்னடா?"

ஒரு மாதம் கீசர் பெட்டி மூலையில் இருந்தது. அடுத்த மாதம் வயர்மேன் வந்து மாட்டினார். முதலில் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். பிறகுதான் சுவிட்சைப் போட்டார். "தண்ணீர் இல்லாமல் போட்டால் காயில் கருகிவிடும்" என்றார்.

கடைசியில் இ.எல்.சி.பி.யில் உள்ள 'டி' பொத்தானைக் காட்டினார். "மாதம் ஒரு தடவை இதை அழுத்துங்கள். டக்கென்று விழுந்தால் நல்லது. விழாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்."

அம்மா அழுத்தினார். டக்! வீடு இருண்டது. அம்மா சிரித்தார்.

நினைவில் வையுங்கள்

யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இடி மின்னல் வரும் முன்பே பிளக்குகளைக் கழற்றி வையுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? யாரைக் கேட்டால் தெரியும்?
2. 'சும்மா மாட்டியிருந்தால்' என்ன நடந்திருக்கும்?
3. உங்கள் வீட்டு இ.எல்.சி.பி.யை எப்போது அழுத்திப் பார்த்தீர்கள்?