உறுப்பினரை எங்கே உருவாக்குவது?

தம்பிக்கு,

குருக்கள்மடத்து மீனவர் சங்கத்துக்காக நீர் எழுதிய பிஎச்பி நிரலை வாசித்தேன். தேடல் பகுதி அபாரம். அதில் கைவைக்க எனக்கு ஒன்றுமில்லை. எரிச்சலூட்டியது 'உறுப்பினர்' கிளாஸின் கொன்ஸ்ட்ரக்டர்தான். இலங்கை அடையாள அட்டை இலக்கம் பத்து எழுத்தா, பன்னிரண்டா என்று அது எண்ணுகிறது. பத்தென்றால் அதிலுள்ள பிறந்த ஆண்டுக்கு முன்னால் 19 சேர்க்கிறது. பிறந்த திகதியைக் குறிக்கும் நாள் எண் 500ஐத் தாண்டினால் பெண் என்று கொண்டு 500ஐக் கழிக்கிறது. இதே கணக்கு இரண்டு கொன்ட்ரோலர்களிலும் கிடக்கிறது, ஒன்றில் அந்தக் கழித்தல் இல்லாமலே.

பிஎச்பி 4இல் கிளாஸின் பெயரே கொன்ஸ்ட்ரக்டருக்கும் பெயர். 2004இல் வந்த பிஎச்பி 5 அதற்குத் தனிப் பெயர் கொடுத்தது. ஆனால் ஒரு கிளாஸுக்கு ஒன்றுதான் என்பது இன்றும் மாறவில்லை. உறுப்பினரோ இரண்டு வழியாக வருகிறார்: அம்மம்மாவிடம் பழைய அட்டை, பேரனிடம் 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டை. ஒற்றை வாசலில் நின்று ஆளை அளந்து பார்ப்பதைவிட, 'பழைய இலக்கத்திலிருந்து', 'புதிய இலக்கத்திலிருந்து' என்று பெயர் சொல்லும் இரண்டு ஸ்டேட்டிக் மெதட்கள் மேல். (மெதட்டுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கவும் பிஎச்பி விடும்.) அவையும் உறுப்பினருக்குள் வேண்டாம், இந்த விதி அட்டையுடையது, ஆகவே 'அடையாள இலக்கம்' என்றொரு சிறு கிளாஸில் இருக்கட்டும். காரணம் வெறும் ஒழுங்கு அல்ல. ஆட்பதிவுத் திணைக்களத்தின் நாள் கணக்கில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 உண்டு. மார்ச் 1 எப்போதும் 061. நீர் பிஎச்பியின் நாட்காட்டியை நம்பியதால், 1995 மார்ச் 1இல் பிறந்தவர் மார்ச் 2க்குப் போய்விடுகிறார். இப்போது இதை மூன்று இடங்களில் திருத்த வேண்டும்.

தரவுத்தளத்தோடு பேசும் டொக்ட்ரின் நூலகத்துக்கு வெறும் கொன்ஸ்ட்ரக்டரும் செட்டர்களும் தேவை என்பீர். தேவையில்லை, தரவுத்தளத்திலிருந்து எடுக்கும்போது அது கொன்ஸ்ட்ரக்டரை அழைப்பதே இல்லை. உமது செட்டர்களால் நடப்பதெல்லாம், பெயரில்லாத ஓர் உறுப்பினரும் சேமிப்புவரை போய்விடுவதுதான். எல்லாவற்றையும் வெளியே ஒரு ஃபெக்டரி கிளாஸில் வைக்கலாமே என்றால், வெளியே ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தால் மட்டும் வையும். அடுத்த அங்கத்துவ இலக்கத்தைத் தரவுத்தளத்திடம் கேட்பது அப்படிப்பட்ட வேலை. அதை உறுப்பினர் என்ற என்டிட்டிக்குள் நுழைக்கக் கூடாது. அட்டையைப் பிரிக்க அட்டையே போதும்.

கிளாஸைப் பிறகு மாற்றலாம். லீப் அல்லாத வருடங்களில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களின் திகதிகள் ஒரு நாள் பிந்திப் பதிவாகியிருக்கின்றன. முதலில் அவற்றைத் திருத்தும்.