காவல் நாய்களுக்கு எலும்பு இடுதல்

குன்றத்தூரைச் சூழ்ந்த கிராமங்களில் நெற்களத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் இராக்காலத்தில் காப்பதற்கு நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கமாகும். நாய்க்கெனத் தனி உணவு சமைப்போர் சிலரே. வீட்டில் மீந்த சோற்றுடன், உண்டு கழித்த ஆட்டெலும்பையும் கோழியெலும்பையும் சேர்த்து இடுவதே பெரும்பாலோர் செய்கை. எலும்பு நாய்க்கு இயற்கையாய் அமைந்த உணவாயிற்றே, அதனால் என்ன கேடு விளையும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்திற் பாதி உண்மை, பாதி தவறு. அத்தவறான பாதியினால் நல்ல காவல் நாய்கள் விருந்து நடந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மாண்டுபோவதுண்டு. ஆகையால் இதனைச் சற்று விரிவாய்க் கூறுவோம்.

வெந்த எலும்பின் இயல்பு

எலும்பில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. ஒன்று சுண்ணாம்பும் பாஸ்வரமும் சேர்ந்த உப்பு. மற்றொன்று கொல்லாஜன் என்னும் நார். உப்பு எலும்பிற்கு உறுதியையும், நார் வளைந்து கொடுக்குந் தன்மையையும் அளிக்கின்றன. எலும்பை வேகவைத்தால் அந்நார் பசையாய்க் கரைந்து நீரில் இறங்கிவிடும். தச்சர்கள் மரம் ஒட்டுவதற்குக் கையாளும் வச்சிரப் பசை, எலும்பையும் தோலையும் இவ்வாறு காய்ச்சி எடுக்கப்படுவதேயாம். நாரை இழந்து எஞ்சிய எலும்பு எளிதில் நொறுங்கும். பச்சை மூங்கில் வளையும். காய்ந்த மூங்கிலோ கூரிய சிலாம்புகளாய்ப் பிளக்கும். பச்சை எலும்பிற்கும் வெந்த எலும்பிற்கும் உள்ள வேற்றுமை இத்தகையதே. சுட்டதும், பொரித்ததும், புகையில் உலர்த்தியதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

கடைகளில் பக்குவம் செய்து விற்கப்படும் நாய் எலும்புகளும் இதற்கு விலக்கல்ல. அவற்றால் ஏறக்குறைய 90 நாய்கள் துன்புற்றதாகவும், 15 நாய்கள் இறந்ததாகவும் தமக்கு முறையீடுகள் வந்தன என்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் உணவு மருந்து நிர்வாகத்தார் 2017ஆம் வருஷத்தில் எச்சரித்தனர்.

கேடு விளையும் விதம்

கோழியின் கால், இறக்கை எலும்புகள் உள்ளே வெறுமையாயும் மெல்லியதாயும் இருப்பதால் ஊசிபோல் உடையும். அச்சிலாம்பு தொண்டையிலோ, இதயத்தின் அருகே செல்லும் உணவுக் குழலிலோ தைத்துக்கொள்ளும். அல்லது குடலைத் துளைத்துவிடும். துளைத்தால் உட்புறம் சீழ்பிடித்து நாய் இறக்கும். நிறைய எலும்பைத் தின்ற நாய்க்குச் சுண்ணாம்புக் கட்டிபோல் மலம் இறுகிக் குடலை அடைத்துவிடும். மாட்டின் கடினமான கால் எலும்பைக் கடிப்பதால் கன்னப்பற்கள் பிளப்பதும் உண்டு.

விருந்தில் மீந்த குழம்பிலும் பிரியாணியிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

அறிகுறிகளும் உடனே செய்யத்தக்கவையும்

எச்சில் ஓயாமல் வடிதல், வெறும் வாயை விழுங்குதல், காலால் வாயைப் பிறாண்டுதல், தின்றதைக் கக்குதல், வயிற்றைத் தொட்டால் முனகுதல், மலங்கழிக்க முக்குதல், மலத்தில் இரத்தம் காணுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந் தாழ்த்தலாகாது. எச்சில் வடிதல் வெறிநோய்க்கும் அடையாளமாதலால், வெறுங்கையை வாயினுள் விட்டுத் துழாவக்கூடாது. நமக்கு மீன் முள் சிக்கினால் சோற்றுருண்டையை விழுங்குவது வழக்கம். அம்முறையை நாயிடம் கையாளலாகாது. சோறும் வாழைப்பழமும் எலும்பை மேலும் உள்ளே தள்ளித் தைக்கச் செய்யும். உப்பு நீர் ஊற்றி வாந்தி எடுக்கச் செய்வதும் தீது. கூரிய எலும்பு திரும்பி வருகையில் மறுமுறை கிழிக்கும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்க. படம் எடுத்துப் பார்க்கவும் அறுவைச் சிகிச்சைக்கும் நேருமாயின், 1903இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கின்றது.

எலும்பின்றிச் சுண்ணாம்புச் சத்து

எலும்பை நிறுத்தினால் நாய் நலியுமோ என்று அஞ்சுதல் வேண்டா. அதிலுள்ள சத்தை வேறு வழியில் கொடுக்கலாம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தே உள்ளது. அதே எடையுள்ள கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாது. ஆகவே சோற்றில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களி இடுக. முட்டை ஓட்டைக் கழுவி, 10 நிமிஷம் கொதிக்கவைத்து, உலர்த்தி, மாவுபோல் அரைத்து வைத்துக்கொள்க. வீட்டுச் சோறு உண்ணும் 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு அரைத் தேக்கரண்டி போதுமானது. எலும்பைக் காய்ச்சிய சாற்றில் ருசி உண்டேயன்றிச் சுண்ணாம்புச் சத்து மிகுதியாய் இல்லை.

வளரும் குட்டிகளுக்குச் சுண்ணாம்பு மட்டும் போதாது. இங்கிலாந்தில் எட்வர்ட் மெல்லன்பி என்னும் அறிஞர் 1919ஆம் வருஷத்தை ஒட்டி நாய்க்குட்டிகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். பெரும்பாலும் தானிய உணவில் வளர்ந்த குட்டிகளின் கால் எலும்புகள் வளைந்தன. மீனெண்ணெய் சேர்த்து உண்டவை தப்பின. அதற்குக் காரணமான சத்தே டி வைட்டமின் என்று பின்னர் அறியப்பட்டது. வெந்த முட்டையின் மஞ்சட்கருவிலும், முள் நீக்கிய மத்தி மீனிலும் அது உண்டு. இராஜபாளையம் முதலிய பெரிய சாதிக் குட்டிகளுக்குச் சுண்ணாம்பு மிகினும் எலும்பு கெடுமாதலால், அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

எலும்பு கொடுத்தே தீரவேண்டுமெனில்

எலும்பே கொடாதிருத்தல் முற்றிலும் பாதுகாப்பான வழி. கொடுக்க விரும்புவோர் கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிப்பாராக.

1. பச்சை எலும்பாகவும், நோயற்ற பிராணியின் அன்று அறுத்த எலும்பாகவும் இருத்தல் வேண்டும்.

2. முழுதாய் விழுங்க இயலாதபடி, நாயின் வாயினும் பெரிதான மூட்டுப் பகுதியையே இடுக. கோழியெலும்பு, துண்டு துண்டாய் வெட்டிய எலும்பு, வட்டமாய் அறுத்த கால் எலும்பு ஆகியவை ஆகா.

3. ஆள் அருகிலிருந்து கால் மணி நேரம் கடிக்கவிட்டு, வேறு தீனியைக் காட்டி எலும்பை எடுத்துவிடுக.

4. குட்டிக்கும், கிழநாய்க்கும், கடியாமல் விழுங்கும் நாய்க்கும் கொடுக்கலாகாது.

5. பச்சை எலும்பில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடுமாதலால், இடத்தையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுக. குழந்தைகளை அருகில் விடாதீர்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

ஆடி மாதக் கிடாவெட்டுகளின்போது ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் நாய்களுக்கு எறிவது பெருந் தீங்கு. அவற்றில் காணும் நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளர்கின்றது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டு, கை வழியாகவும் கீரை வழியாகவும் மனிதர் வயிற்றை அடைந்து, அவர்தம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்கும். ஆதலின் அறுக்கும் இடத்தில் நாய்கள் தோண்டாத ஆழமான குழி வெட்டுவித்துக் கழிவுகளைப் புதைப்பித்தல் வேண்டும். நாய்களுக்கு மருத்துவர் கூறும் காலந்தோறும் பூச்சி மருந்து கொடுப்பதும் அவசியம். திடீரென்று மாண்டு, வாய் மூக்கு வழியே உறையாத கரிய இரத்தம் கசியும் மாடு அடைப்பான் நோயினால் இறந்திருக்கலாம். அதனை அறுக்கவோ, நாய்களுக்கு விடவோ இடங்கொடாமல் கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இலையில் மீந்த எலும்புகளைத் தெருவில் எறியாமல், ஒரு மூடிய பாத்திரத்தில் சேர்த்துத் தோட்டத்தில் ஆழப் புதைப்பது நலம். எலும்புத் தூளில் நூற்றுக்கு 20 பங்கு அளவிற்குப் பாஸ்வரச் சத்து உண்டென்பது குடியானவர் அறிந்ததே. முழு எலும்பு மெல்ல மக்குமாயினும் அச்சத்து மண்ணுக்கே சேரும். நாயின் வயிற்றைக் கிழிக்கும் பொருள் இவ்வாறு தென்னைக்கும் வாழைக்கும் உரமாகும்.